வால்பாறை லைன்

ஈரோட்டிலும் இல்லை.

அவள் மறுபடி திறந்து பார்த்தாள். ஃபோல்டர் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

இங்கே கோவையில் இல்லாதது தெரிந்ததுதான். காலையில் அவளேதான் அழித்தாள். சர்வரில் இடம் நெருக்கியது. ஈரோட்டுக் கிளையில் ஒரு நகல் இருக்கிறதே, போதும் என்று நினைத்தாள்.

மூன்று கிளைகளின் சர்வர்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொள்பவை. ஒன்றில் சேர்த்தால் மற்ற இரண்டிலும் சேரும். ஒன்றில் அழித்தால் மற்ற இரண்டிலும் அழியும். அப்படி அமைத்ததும் அவளேதான். சொன்ன பேச்சை இவ்வளவு கேட்கிற ஒன்றை அவள் தன் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

போனவை குரல்கள்.

அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது தொண்டைப் புற்றுக்கு அறுவை செய்யும் மருத்துவமனையில். குரல்வளையை எடுப்பதற்கு முந்தின நாள் நோயாளியை ஓர் அறையில் உட்காரவைத்து, மனதில் இருப்பதைப் பேசுங்கள் என்று பதிவு செய்வார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. ஒரு நடத்துநர் பொள்ளாச்சி வரை நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மாமியார் மருமகளை ஆசை தீரத் திட்டினாள்.

இன்னொரு முறை பேசச் சொல்லிக் கேட்க முடியாது.



மிச்சம் இருப்பது வால்பாறை.

தூறல் விழுந்தாலே படுத்துக்கொள்ளும் நெட் லைன் அது. ஒரு கூட்டம் விடாமல் அவள் அதைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். இன்று அதில் நேற்றைய ஸ்கேன் படங்களே இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. அழிக்கச் சொல்லும் கட்டளை அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

இங்கே நிறுத்தினாலும் ஈரோடு அந்தக் கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அங்கேயே துண்டித்தால்தான் உண்டு.

வால்பாறை வரவேற்பில் இருக்கும் பிலோமினாவின் செல்லுக்கு அடித்தாள். சர்வருக்குப் பின்னால் போய் நெட் வயரைக் கழற்றச் சொன்னாள். எது என்று கேட்டாள் பிலோமினா. மஞ்சள் என்றாள். எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கிறது என்றாள் பிலோமினா.

"அக்கா, எல்லாத்தையும் புடுங்குங்க."

பிலோமினா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சர்வரே அணைந்துபோனது. கரண்ட் வயரை மட்டும் மறுபடி மாட்டவைத்தாள்.

அது உயிர் பிடித்து எழுந்திருக்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சாமி கும்பிடும் பழக்கம் இல்லாதவள், யாரையோ கும்பிட்டாள்.

ஃபோல்டர் இருக்கிறது என்றாள் பிலோமினா.

இருந்தால் போதாது. பெயர் மட்டும் நின்று உள்ளே ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். ஏதாவது ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

பிலோமினா யோசித்தாள். எஸ்டேட்டில் வேலை பார்த்த தங்கமுத்து போன வருடம் அறுவை செய்துகொண்டவர். இப்போது மனைவியோடு மருந்துக்காக வந்து கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடையதையே போடட்டுமா என்றாள். போய்க் கேட்டுவிட்டும் வந்தாள். அவர் தலையாட்டினாராம். அந்த அம்மா பக்கத்தில் கண்ணயர்ந்திருக்கிறார்களாம்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"தெய்வான, மழ வருது. கொடைய எடுத்துக்கிட்டியா?"

ஓர் ஆணின் குரல். கனத்த, அவசரமில்லாத குரல். அவள் மூச்சு விட்டாள்.

பதிவு அத்தோடு முடிந்தது.

போனில், தள்ளி எங்கோ கூடத்திலிருந்து, தூக்கம் கலையாத ஒரு பெண் குரல் கேட்டது.

"கையிலதாங்க இருக்கு. வாங்க, போலாம்."