அப்பா வெளியே இருக்கட்டும்

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார். தம்பிகிட்ட நான் தனியாப் பேசணும்."

பிராங்கிளின் அண்ணாச்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. விம்கோ நகரில் மொத்த மளிகைக் கடை வைத்து, லாரிக்காரன் முதல் வார்டு கவுன்சிலர் வரை எல்லோரையும் வாசலில் காக்க வைக்கிற மனுஷன். அவரைப் போய் ஒரு சின்னப் பெண், நர்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டு, வெளியே நிற்கச் சொல்கிறது!

"நான் பெத்த பய. எனக்குத் தெரியாம அவங்கிட்ட என்னம்மா பேசப்போற?"

"இந்த வயசுப் பசங்க எல்லார்கிட்டயும் தனியாத்தான் பேசுவோம் சார். இங்க அப்படித்தான்." நர்ஸ் ரேச்சலின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "அப்புறம், ஷூவை வெளிய விட்டுட்டு வரச்சொல்லி போர்டு வெச்சிருக்கோமே, பாக்கலயா?"

"போர்டெல்லாம் செருப்பு போட்டவனுக்கு" என்றார் அண்ணாச்சி.

கட்டிலில் ஜெபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பிளஸ் டூ படிக்கிறவன். ஒரு வாரமாக ஓயாத வயிற்று வலி. இன்று காலை இங்கே வந்ததும் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்திலும் ஒன்றுமில்லை. டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஒரே பிள்ளை. அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் எந்தப் பயத்தையும் ஏச்சாக மாற்றிவிடுகிற வித்தை அவருக்குக் கைவந்தது.

"பரீட்சைக்குப் பயந்து நடிக்கான். ஒரு ஊசியப் போட்டு அனுப்பி விடுவியா, கூட உக்காந்து கதை பேசுவியா?" என்று கதவு மூடும்வரை கத்திவிட்டு, நடையில் கிடந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜெரி உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். குழந்தைக்கு இளைப்பு.

"இன்னா அண்ணாச்சி, ஒன்னியும் வெளிய அனுப்சிட்டாங்களா?" என்றவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "செம சென்ட்டு வாசனை அடிக்குதே. எதுனா கல்யாணத்துக்குக் கெளம்பிக்கினு கீறியா?"

"வியாபாரின்னா மணமா இருக்கணும் வே." அண்ணாச்சி கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா? எங்க ஊர்ல நர்ஸம்மா வாராங்கன்னாலே பிள்ளைங்க வார்டு கப்சிப்னு ஆயிரும். அப்பன் ஆத்தாவெல்லாம் கேட்டுக்கு வெளிய. ரெண்டு பேரு கையக் காலப் புடிப்பான், நர்ஸம்மா ஒரே குத்து! அழுதா முதுகுல ஒண்ணு. அதான் வைத்தியம். இவ என்னடான்னா, 'ஊசி போடட்டுமா தம்பி'ன்னு கேக்கா. சின்னப் பயகிட்ட உத்தரவு வாங்குதா!"

"எம் பொண்ணுக்கு ஆவி வெக்கறப்போ மொதல்ல பொம்மைக்கு மாஸ்க்கு மாட்டிக் காட்டிச்சு அண்ணாச்சி. அப்பாலதான் இதுக்கு. முன்னெல்லாம் இந்த வாசலப் பாத்தாலே அலறும். இப்போ பாரு, அதுவே வந்து குந்திக்கினு கீது."

"நல்ல கூத்து. பொம்மைக்கும் சீட்டு எழுதுவாளோ?"

ஜெரி சிரித்தான். "அப்பல்லாம் பெத்தவங்கள வெளிய நிக்க வெச்சாங்கன்ற. இப்பவும் ஒன்ன வெளியதான நிக்க வெச்சிக்கீறாங்க? இதுல ஒனக்கு இன்னா பேஜாரு?"

அண்ணாச்சி முறைத்தார். "அது வேற, இது வேற. எம் மவன் எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான். அவங்கம்மா சுகிர்தம் கூட்டிட்டுப் போறேன்னு எத்தன தடவ கெஞ்சுனா தெரியுமா? 'அப்பா வந்தாத்தான் போவேன்'னு ஒத்தக்கால்ல நின்னுட்டான். எனக்கு ஆஸ்பத்திரின்னாலே ஆகாது. எங்கப்பாவத் தூக்கிட்டுப் போனோம், முழுசாத் திரும்பல. அன்னைலேருந்து ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல. இந்தப் பயலுக்காவத்தான் வந்தேன். அவனுக்குப் போயி இந்த நர்சுகிட்ட என்ன ரகசியம் இருக்கப்போவுது?"

கதவு திறந்தது.

"உள்ள வாங்க சார்."

கட்டில் காலியாக இருந்தது. ஜெபின் ஒரு ஓரமாக நின்றிருந்தான். அழுத முகம். வயிற்றிலிருந்து கையை எடுத்திருந்தான்.

"எம் புள்ளைக்கு என்னம்மா?" என்றார் அண்ணாச்சி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தம்பி வயித்துல ஒரு கோளாறும் இல்ல சார். வலியே இல்லையாம்."

அவ்வளவுதான், போன குரல் திரும்பி வந்துவிட்டது. "பாத்தியா! நான் அப்பமே சொன்னேன்லா, நடிப்புன்னு! ஏலே, நட வீட்டுக்கு. தோல உரிச்சுப்புடுதேன்!"

"நடிப்புதான் சார். அவனே ஒத்துக்கிட்டான்." ரேச்சல் நடுவில் வந்து நின்றாள். "ஏன்னும் சொன்னான். உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன், சரின்னுட்டான். நீங்க இந்தக் கட்டில்ல உக்காருங்க."

"நானா? நான் எதுக்கு?"

"உங்கப்பாவுக்கு சர்க்கரைப் புண்ணு முத்திக் கால எடுத்தாங்களாமே. ஒரு மாசமா ஷூவுக்குள்ள நீங்க மறைச்சு வெச்சிருக்கற புண்ண எப்படியாவது யார்கிட்டயாவது காட்டணும்னுதான் உங்க புள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டு உங்கள இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கான்."

அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்தார். ரேச்சல் அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்து, லேஸைத் தொடுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"கழட்டட்டுமா சார்?"