சொதியில் விழுந்தது

தலைமைச் சமையல்காரர் தூணுக்குப் பின்னால் நின்றார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

நெல்லையப்பன் தேங்காய்ப்பால் சொதி கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தான். அவருடைய மனைவியின் தம்பி. கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான்.

மூடிய கையை அண்டாவின்மேல் நீட்டினான். எதுவோ விழுந்தது. அவசரமாகக் கிண்டினான்.

ஆக, சந்தேகப்பட்டது சரிதான்.

மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் கைகழுவிக்கொண்டிருக்கிறார்கள். சொதி கெட்டால் அவர் பெயர் கெடும். அடுத்த முகூர்த்தத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? இவனைத்தான்.

அவர் பைக்கிலிருந்து விழுந்து மண்டை உடைந்ததிலிருந்து எல்லாருமே ஒரு மாதிரிதான் இருக்கிறார்கள். தையல் பிரித்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் அவர் வந்தால் பேச்சு நிற்கிறது. மாத்திரை போட்டீர்களா என்று மனைவி கேட்பதிலும் ஏதோ இருக்கிறது. பெருங்காயக்காரன்கூட ஏமாற்றுகிறான். கடையை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, ஒருத்தனிடமும் மணமே இல்லை. அத்தனை பேரும் திருட்டுப் பயல்கள்.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையத் தொறலே!”

அவன் திறக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

உப்பு.

ஈரக் கையில் ஒட்டிய கல்லுப்பு. வேறொன்றுமில்லை.

இலையில் விழும்முன் அவர் எதையும் வாயில் வைப்பதில்லை. கொதி வாசனையிலேயே உப்பு சொல்லிவிடுவார். அந்தப் பெயருக்காகத்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

“சொதியில உப்பே இல்ல அத்தான்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீங்க விழுந்து எந்திச்சதுலேர்ந்தே நான்தான் போடுதேன்.”

அவர் அண்டாவின்மேல் குனிந்தார். ஆவி முகத்தில் அடித்தது.

சுட்டது.

இன்னும் குனிந்தார்.

சுட்டது, அவ்வளவுதான். இஞ்சி வாசம் இல்லை. தேங்காய்ப்பால் வாசமும் இல்லை.

அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அதிலும் உப்புப் பார்க்க வேண்டும். நெல்லையப்பன் அதைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவர் பிடித்திருந்த கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவராகத்தான் விட்டார்.

“கொத்தமல்லி எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுச் சரக்கறைக்குள் போனார். கதவையும் சாத்திக்கொண்டார்.

ஆய்ந்த கொத்தமல்லி அடுப்புப் பக்கத்திலேயே தட்டு நிறைய இருந்தது.