வெறுங்கையோடு வந்தவர்

"வெறுங்கையோட வந்து நிக்கான் பாருங்க மச்சாள்" என்று கோகுலராஜ் வாசல் படலைப் பக்கம் கையைக் காட்டினான்.

வதனி போனிலிருந்து நிமிர்ந்தாள். வெள்ளைக்கொடி கட்டிய படலைக்கு வெளியே சீனித்தம்பி நின்றிருந்தார். தோய்த்து மடித்த சட்டை, கையில் ஒன்றுமில்லை.

"மேளம் எங்கயெண்டு கேட்டன். கொண்டரல்லயாம். அடிக்க மாட்டாராம். சும்மா முகம் பார்க்க மட்டும் வந்தவராம்."

"அவர் ஏன் அடிக்க வேணும்?"

"நன்றிக்கு அடிக்க வேணும். ஆருக்காக மாமா அந்தத் தீர்ப்பை எழுதினவர்? இவன்ட சனத்துக்குத்தானே? அது இல்லாட்டி இண்டைக்கும் ஊர்ச் சாவுக்கெல்லாம் பறையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருப்பான். இப்ப மேசன் வேலை, மகள் டீச்சர். மாமாக்கு ஒருக்கா அடிச்சா கை தேஞ்சிருமா?"

"அந்தத் தீர்ப்பு என்ன சொல்லுது மச்சான்?"

"'பிறப்பினால் எவரும் எவருக்கும் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவரல்லர்.'" கோகுலராஜ் மூச்சு விடாமல் சொன்னான். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கியது.

"பிறகென்ன?"

"அது சட்டம் மச்சாள். இது சாவு வீடு."

கூடத்தில் பிரேதமாகக் கிடந்த வதனியின் அப்பா சாமித்தம்பி, போடியார் என்னும் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் அதியுயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். எழுதிய தீர்ப்புகள் எத்தனையோ. நின்றது அந்த ஒரு வசனம். அதைச் சொல்லித்தான் சென்னையிலும் ஜெனீவாவிலும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சட்டக் கல்லூரியில் வதனிக்கு வந்த பரீட்சைக் கேள்வியே அதுதான். அவளை யாரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்ததில்லை; அந்த வசனத்தின் மகள் என்றுதான் செய்தார்கள்.

அவள் எழும்பி முற்றத்தைத் தாண்டிப் போனாள். பந்தலுக்குள் இருந்தவர்களின் தலைகள் பின்னாலேயே திரும்பின.

"உள்ளுக்கு வாங்க அண்ணன்."

"இருக்கட்டும் புள்ள. இதில நிண்டாலும் ஐயாட முகம் தெரியிது."

"இவங்கள் கண்டபடி ஏசினவங்களா?"

"சாவு வீட்டில நாலு கதை வரும்தானே."

"நீங்க மேளத்தோட வந்திருந்தாத்தான் அப்பாக்கு அவமானம். மாட்டன் எண்டு சொன்னீங்களே, அதுதான் மரியாதை. அப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார், என்ன?"

சீனித்தம்பி அவளைத் தாண்டி, வீட்டுக்கு அப்பால் தெரிந்த வாவியைப் பார்த்தார். தோணியொன்று வெறுமையாக அசைந்துகொண்டிருந்தது.

"ஓம் புள்ள. சந்தோசப்பட்டிருப்பார்."

பந்தலில் எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி போனது. படலைக்கு ஒரு கடதாசிக் கப்பில் வந்தது. கொண்டுவந்தவள் அதை மதிலில் வைத்துவிட்டுப் போனாள்.

வதனி திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இனி அவரை ஆரும் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது. அப்பாட தீர்ப்பு இந்த ஊரில அவருக்கு மட்டும்தான் விளங்கியிருக்கு."

பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த பாலசுந்தரி மாமி எழும்பி வந்தாள், அப்பாவின் தங்கச்சி. வதனியின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"கத்தாத மகள். கோகுல் தன்ட எண்ணத்துக்கு மேளம் கேக்கல்ல."

"மறுகா ஆரு கேட்டது?"

"ஒங்கப்பாதான்."

மாமி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரியால வந்த கிழமை சீனித்தம்பியக் கட்டிலடிக்குக் கூப்பிட்டவர். நான் கஞ்சி கொண்டு போனன், வாசல்லயே நிண்டுட்டன். 'எங்கட அப்பாக்கு ஒன்ட அப்பன் அடிச்சான். போடியார் வீட்டுப் பிரேதம் சத்தமில்லாமப் போனதில்ல. என்னை ஊமையா அனுப்பிராத' எண்டார்."

"அவர் என்ன சொன்னவர்?"

"'நீங்க எழுதினது பிழையெண்டு ஒருக்காச் சொல்லுங்க ஐயா, நான் வாறன்' எண்டான். அண்ணன் அழுதிட்டார். கடைசியில, 'நான் கேட்டதை வெளியில சொல்லிராத' எண்டார். சொல்லமாட்டன் எண்டான். காலையில இருந்து ஊரே நன்றி கெட்டவன் எண்டு ஏசுது. வாயைத் திறந்தானா பார்."

"கோகுலுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னன். அண்ணன்ட ஆசையாச்சே."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கொழும்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள். "மகளைக் கூப்பிடுங்க" என்றது ஒரு குரல்.

"முகத்தைக் கழுவிட்டுப் போ" என்றாள் மாமி.

கறுப்புக் கோட்டுக்காரர்கள் முன்வரிசையில் கைகட்டி இருந்தார்கள். வதனி போனில் எழுதியிருந்த இரங்கலுரையை வாசித்தாள். நடு வழியில் அந்த வசனம் வந்தது. போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். படலையில் சீனித்தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பிறப்பினால் எவரும் எவருக்கும் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவரல்லர்" என்று வாசித்தாள். பிறகு, போனில் எழுதியிராத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"இன்று என் தந்தையின் இறுதி ஊர்வலத்தில் பறை ஒலிக்காது. அதுவே அவருடைய கடைசி விருப்பம்."

முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்திரிகைக்காரன் ஒருவன் அந்த வரியைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டான். கோகுலராஜ் நிலத்தைப் பார்த்தான்.

சீனித்தம்பி மதிலில் இருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. வெறும் கப்பை எங்கே போடுவதென்று சுற்றிலும் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.