ஒதுங்க விடாத ஸ்டீயரிங்

பெருமாநல்லூர் சாலையில் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. புதுக் காரின் முன்னால் கவிழ்ந்து கிடக்கும் மொபெட் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. மூட்டை அவிழ்ந்து, குழந்தைச் சட்டைக்கு வெட்டிய ரோஸ் நிறத் துணிகள் தார் மேலெல்லாம் பறக்கின்றன. ஒன்று காரின் கண்ணாடியில் ஒட்டிப் படபடக்கிறது. அவற்றைத் தைக்க எடுத்துப்போன டெய்லர் சித்ரகலா சாலையோரம் உட்கார்ந்து வலது கை விரல்களை மடக்கிப் பார்க்கிறாள். மடங்கவில்லை. “அத்தன எடம் கெடந்துச்சுங்களே, ஏனுங்ணா எம்பக்கமே வந்தீங்க?” அவளுக்கு இடம் விடத்தான் டிரைவர் கிட்டுசாமி ஆரன் அடித்து வலப்பக்கம் ஒதுங்கினார். இந்த ரோட்டில் ஒதுங்குவதற்கெல்லாம் இண்டிகேட்டர் போடுகிறவர் யார்? போடாததால், தூக்கக் கலக்கத்தில் ரோட்டுக் கோட்டைத் தாண்டுகிறார் என்று, கோட்டுக்குள்ளேயே தானாகப் போகப் பழக்கிய அந்தக் கார் நினைத்துக்கொண்டது. லேசாகப் பிடித்திருந்த ஸ்டீயரிங்கை அதுவே இடப்பக்கம், அவள் மேல், இழுத்துவிட்டது. பின்சீட்டிலிருந்து இறங்கிய முதலாளி மோகன்ராஜ் பம்பரின் கீறலைத் தடவுகிறார். “லேசாப் புடிச்சாப் போதும், மிச்சத்த அது பாத்துக்கும்னு காலைலயே சொன்னனுங்களே. அதும்பாட்டுக்குப் போற வண்டிய எதுக்குங்க திருப்புனீங்க?” உள்ளே திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே பிசகாமல் ஒரு சின்னக் கார், மொபெட் அதில் இல்லை. கிட்டுசாமி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்க்கிறார். அந்த இழுப்பு இன்னும் அவற்றில் இருக்கிறது. காட்டுவதற்கு ஒரு தடமும் இல்லை.