வாய்விட்டு

இரும்புக் குழாய் இரண்டாவது முறை இறங்கியபோது அண்ணனின் முழங்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவன் டப்பா மூடி அடிக்கும் பிரஸ் இயந்திரத்தின் காலடியில் சரிந்தான். பழைய ஆபரேட்டர் விடவில்லை. மூன்றாவது அடியைத் தோளில் போட்டான்.

இடது கையால்தான் அடித்தான். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கையும் எட்டு மாதத்துக்கு முன்னால் இதே பிரஸ் தின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அவன் உள்ளே வந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவசரமே படவில்லை.

பட்டறைக்குள் நாங்கள் மூன்று பேர். நான்காவதாக ஒருவர் எப்போதும் கூட இருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

"ஆண்டவரே, அவன் கையப் பிடிங்க. சும்மா பாத்துக்கிட்டிருக்காதீங்க" என்று கத்தினேன்.

அவரோடு நான் அப்படித்தான் பேசுவேன். மனப்பாட ஜெபமெல்லாம் எனக்கு வராது. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டு மனுஷரிடம் பேசுகிற மாதிரி, வாய்விட்டுத்தான் பேச வரும். பிரஸ் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. டப்பா மூடிகளை அடுக்கியபடியே பல்வலி, அண்ணியின் குத்தல் பேச்சு, கூரை ஒழுகுவது என்று அத்தனையையும் அவரிடம் கொட்டிவிடுவேன்.

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் லேசில் உட்கார மாட்டேன். அவரிடம் நான் ஒளித்துவைத்தது ஒன்றுகூட இல்லை என்று போன மாதம்கூட மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முன்வரிசைப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். என்ன வாய் எனக்கு!

குழாய் அண்ணனின் தாடையில் பட்டது. பல் ஒன்று தெறித்து மூடிகளுக்கு நடுவில் போய் விழுந்தது.

"தடுப்ப யாருடா கழட்டினது? சொல்லுடா!"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

பிரஸ்ஸுக்கு முன்னால் கம்பி வலைத் தடுப்பு ஒன்று உண்டு. அது இருந்தால் கைக்கு ஆபத்தில்லை, ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். விபத்து நடந்த அன்று அவசர ஆர்டர். தடுப்பு இல்லாமல் ஓட்டுவது முதலாளியான அண்ணனின் உத்தரவு என்று நம்பித்தான் ஆபரேட்டர் உட்கார்ந்தான். மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது தடுப்பு தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. பக்கவாட்டில் கையை விட்டது அவன் தப்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கைக்கட்டின்மேல் கைவைத்து ஜெபித்தது நான்தான். கர்த்தர் உனக்கு நியாயம் செய்வார் என்று தைரியம் வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

விலாவில் ஒரு அடி. மறுபடியும் அதே விலாவில். அண்ணனின் மூச்சு ஓட்டைப் பந்திலிருந்து காற்று போகிற மாதிரி வர ஆரம்பித்தது. இன்னும் இரண்டு அடி விழுந்தால் செத்துவிடுவான்.

கண்ணை இறுக்கி மூடி, காப்பாற்றுங்கள் என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, காத்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக என் பல்வலியையும் அண்ணியையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நான் சொல்லாத அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான்தான்பா கழட்டினேன். அண்ணன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. அண்ணன் சொன்னதா நான்தான் இவன்கிட்ட பொய் சொன்னேன். இவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதும் நான்தான் திரும்ப மாட்டி வெச்சேன்."

அவரிடம்தான் சொன்னேன். ஆனால் பிரஸ் ஓடவில்லையே.

கண்ணைத் திறந்தபோது ஆபரேட்டர் என் முன்னால் நின்றான். குழாயின் நுனியிலிருந்து அண்ணனின் ரத்தம் சொட்டியது. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. பயம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அவரோடு பேச ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் பக்கத்தில் நிற்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

குழாய் என் தோள்பட்டையில் இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கி, கை தொங்கிப்போனது.

மறுபடியும் ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. "நீங்களாக்கா?" என்றான்.

குழாயை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். விரல்கள் போன கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓலமிட்டான்.

நான் அண்ணனிடம் ஊர்ந்து போனேன். அவன் முகத்தைப் பார்க்கத்தான் தெம்பில்லை. தான் இத்தனை அடியும் வாங்கியது எனக்காக என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டான் என்று நினைத்தேன்.

அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"தடுப்புல ஒரு நட்ட மாட்டாம விட்டுட்ட. அன்னைக்கு ராத்திரி ஊர்லருந்து வந்து நான்தான் மாட்டினேன்."