கைராசிக்காரர்

ஜூஸ் கடைக்காரம்மா மிக்ஸியை மேஜைமேல் வைத்த உடனேயே மிக்ஸிக்காரருக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கருகின வாடை இல்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக் கூட்டத்தில் ஓய்வில்லாமல் ஓட்டினாளாம், சட்டென்று நின்றுவிட்டதாம். பின்னே நிற்காமல் என்ன செய்யும்? மோட்டார் கருகாமல் இருக்க மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பாரம் தாங்காவிட்டால் அது தானாக வெளியே வந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். கட்டைவிரலால் உள்ளே தள்ளினால் தீர்ந்தது.

இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருவரும் தங்கள் மிக்ஸியைத் தலைகீழாகப் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை. தன் சொந்த ரிப்பேர் கடையில் இருந்த காலத்தில் மிக்ஸியை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி, பொத்தானைத் தள்ளிவிட்டு, காசு வேண்டாம் என்று பெரிய மனுஷத்தனமாகக் கொடுத்தனுப்புவார். கைராசிக்காரர் என்று பேர் வந்தது அப்படித்தான். மண்டூகங்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

இப்போது அவர் உட்கார்ந்திருப்பது அந்தக் கடையில் இல்லை. அதற்கு எதிரில் நாலு மாடிக்கு எழும்பி, ஒரே வருஷத்தில் அதை இழுத்து மூடவைத்த பெரிய கடையில்.

வாசலை ஒட்டி ஒரு மேஜை. பழைய சாமானோடு வருகிறவர்களிடம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி ஆகாது என்று சொல்ல வேண்டும். அவர்கள் உள்ளே போய்ப் புதுசு வாங்குவார்கள். வேலை அவ்வளவுதான். மேஜையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூடக் கிடையாது.

இதற்கு ஒரு கிளி போதும். இதற்குப் போய் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். பெரிய கடையாம், பெரிய கடை. டெஸ்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத கும்பல். ஊர் தலையில் மிளகாய் அரைக்கிறவர்கள் தலையிலேயே தான் அரைத்துக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு திருப்தி.

கஞ்சத்தனத்துக்கும் குறைச்சல் இல்லை. வேலை பார்க்கிற எல்லாருக்கும் கடைப் பேர் போட்ட மஞ்சள் சட்டை. இவருக்கு மட்டும் தைத்துத் தரவில்லை. கேட்டதற்கு மேனேஜர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருக்கிற சட்டையே போதும், அதையே போட்டுக்கொண்டு வாருங்கள் என்றுவிட்டான். ஈயம் தெறித்துப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை விழுந்த பழைய காக்கிச் சட்டை. ஒரு சட்டைத் துணிக்குக் கணக்குப் பார்க்கிற நீயெல்லாம் ஒரு மேனேஜர் என்று அன்று நினைத்துக்கொண்டார்.

அந்த மேனேஜர் இப்போது சற்றுத் தள்ளிக் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

மற்றவர்கள் என்றால் மிக்ஸிக்காரருக்குக் கவலையே இல்லை. சொன்னதும் தலையாட்டிவிட்டு உள்ளே போகிற மந்தை, போகட்டும், ஏமாறட்டும். இவள் அப்படியில்லை. ஒரு பிளேடு மாற்றினாலும் பழைய பிளேடைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நகர மாட்டாள். ஊரில் அவர் மதிக்கிற ஒரே வாடிக்கை. புருஷன் போன பிறகு இந்த ஒரு மிக்ஸியை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறாள். புதுசு வாங்கினால் தவணை கட்டியே தேய்ந்துபோவாள்.

மிக்ஸியைப் புரட்டினார். பொத்தான் துருத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

மனசுக்குள் முடிவு செய்தாயிற்று. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கட்டும். ஒரே அழுத்து. வேலையாவது மண்ணாவது.

"இது இனிமே ஆகாதும்மா" என்றார், வேண்டுமென்றே சுரத்தில்லாமல். சந்தேகப்பட இதைவிட நல்ல வாய்ப்பை அவரால் கொடுக்க முடியாது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் சண்டைக்கு நின்னிருப்பேன். நீங்களே சொல்லிட்டீங்கன்னா சரிதாண்ணே."

மிக்ஸியை அங்கேயே விட்டுவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

மேனேஜர் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனைக் கண்ஜாடையால் அவள் பின்னே அனுப்பினான். பிறகு, இஸ்திரிப் பெட்டியோடு வாசலில் தயங்கி நின்ற தையல்காரரிடம் போய், அதோ உங்கள் ஆளே இருக்கிறாரே என்று இந்த மேஜைக்குக் கைகாட்டினான்.

மிக்ஸிக்காரரின் விரல் தானாக அழுந்தியது. டிக் என்றது. மிக்ஸி சரியாகிவிட்டது.

அவளைக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? நான் சொன்னதை நம்பாதே என்றா? அவளிடம் அவருக்கு இருந்த மரியாதையே அந்த ஒரு சொல்தான். அதைத்தான் இவ்வளவு நாளும் மாதச் சம்பளத்துக்கு விற்றுவிட்டு, கெட்டிக்காரன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார். தூ.

தையல்காரர் சிரித்துக்கொண்டே வந்து இஸ்திரிப் பெட்டியை அவர் முன்னால் வைத்தார்.

மிக்ஸிக்காரர் குனிந்து தன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். அவருக்கும் முதல் நாளே சீருடை கொடுத்துத்தான் இருக்கிறார்கள்.