பச்சை முழங்கால்

அன்று காலை கடை திறந்தபோது பட்டுச் சேலைப் பிரிவில் ஒரு நாற்காலிகூட இல்லை. பதினெட்டு வருடமாக அங்கே சேலை விரித்துக் காட்டிவரும் ஞானசுந்தரி, மேற்பார்வையாளன் தினகரிடம் நேராகப் போனாள்.

"உக்கார நாக்காலி எங்க தம்பி?"

"அதான் முட்டிக்கு ஊசிப் பட்டை குடுத்திருக்கோமேக்கா. இப்ப வலி இல்லேல்ல?"

வலி இல்லைதான். மணிக்கொரு தடவை அந்தப் பட்டை மெல்லிய மருந்து ஊசிகளை முழங்காலில் இறக்கும். தேய்ந்த மூட்டுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் உடனே அடங்கிவிடும். அவை அடங்கியிருப்பது தினகரின் திரையில் பச்சையாகத் தெரியும்.

"வலிக்கலைன்னா களைக்காதா? தெனம் பத்து மணி நேரம் நிக்கிறேன்ப்பா!"

"செகப்பு காட்டுனாத்தான் நாக்காலிக்கு அனுமதி வரும். நான் என்னக்கா பண்ண?"

"களைப்புக்கு என்ன கலரு?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினான். அப்படி ஒரு நிறமே அதில் இல்லை.

ஞானசுந்தரி கழிவறைக்குப் போனாள். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, வெறும் பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் முழங்கால் பானைபோல் வீங்கியது. திரை சிவந்தது. நாற்காலி வந்தது.

"ரொம்ப வலிக்குதாக்கா?" என்றாள் அதே பட்டையோடு பக்கத்தில் நின்று சேலை மடித்த விமலா.

"உசுரு போகுது," என்று காலை நீட்டி உட்கார்ந்தாள் ஞானசுந்தரி. "நீயும் பிடுங்கிரு."